கரி சோறாகாது

நெகிரி செம்பிலான் செம்பனைத் தோட்டங்களுக்கு இப்போது ஒரு புதுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. பழத்தை உதிர்த்தபின் ஆலையில் மிஞ்சும் வெற்றுக்குலையை, தோட்டத்தில் தண்டான் கோசோங் என்று சொல்கிறோமே அதை, காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கரியாக்க வேண்டும். பயோசார் எனப்படும் அந்தக் கரியை மண்ணில் கலக்க வேண்டும். கரியின் நுண்துளைகளில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியேறும், ரசாயன உரத்தால் செத்துப்போன மண் பிழைக்கும், உரச் செலவு குறையும், போதாததற்குக் கரிமமும் மண்ணுக்குள் பூட்டப்படும். கருத்தரங்குகளில் இதையே கேட்கிறேன், விற்பனைத் தாள்களில் இதையே படிக்கிறேன். சிரம்பான், போர்ட்டிக்சன், பாஹாவ் பக்கம் சில ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் நம்மவர்களும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறானது. கரி வீண் பொருள் என்று நான் சொல்லவில்லை. கரி செய்கிற வேலை ஒன்று, அதற்காக நாம் அதைப் புகழ்வது வேறொன்று. அந்தப் புகழை நம்பி, மண் தின்று வாழ்கிற உணவையே உலைக்கு அனுப்பத் துணிகிறோம்.

முதலில் நுண்ணுயிர்களின் வீடு என்ற கதை. கரியை நுண்ணோக்கியில் பெரிதாக்கிய படத்தில் அறை அறையாகத் துளைகள் தெரியும். ஒரு கிராம் கரிக்குள் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பரப்பில் பெரும்பகுதி நானோமீட்டர் அளவுத் துளைகளில் இருக்கிறது. ஒரு பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஆயிரம் நானோமீட்டர். அந்தத் துளைகளுக்குள் அதனால் நுழையவே முடியாது. மரத்தின் நீர்க்குழாய்கள் கருகி மிஞ்சிய பெரிய துளைகளில் மட்டுமே இடம் உண்டு. அவற்றையாவது நிரப்புகின்றனவா? பிரிட்டனில் குவில்லியமும் அவருடைய குழுவினரும் வயல் மண்ணில் மூன்றாண்டு கிடந்த கரியைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வந்த அவர்களுடைய முடிவு தெளிவானது: சுற்றியிருந்த மண்ணோடு ஒப்பிட்டால் கரித்துண்டுக்குள் உயிர்கள் மிகக் குறைவு. இடம் இருந்தும் குடிவரவில்லை. லயத்தில் வீடு கொடுத்துவிட்டு அரிசி கொடுக்காவிட்டால் யார் தங்குவார்கள்?

அரிசிதான் இங்கே கேள்வி. மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் கரிமத்தைத் தின்று வாழ்பவை. இலை, மட்டை, வேர்க்கசிவு, செத்த புழு இவற்றைத் தின்று செரித்து, தங்களுக்கு மிஞ்சிய நைட்ரஜனையும் பாஸ்பரசையும் வெளியே விடுகின்றன. மரத்தின் வேர் அதை எடுத்துக்கொள்கிறது. சத்துச் சுழற்சி என்பது இதுதான். எது மக்கவில்லையோ அது இந்தச் சுழற்சிக்குள் வருவதில்லை. கரி எவ்வளவு மக்குகிறது என்பதை வாங், ஷியோங், குஸ்யாகோவ் மூவரும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கணக்கிட்டார்கள். கரியில் ஏறக்குறைய 3 விழுக்காடு மட்டுமே எளிதில் சிதைவது, அதன் சராசரி ஆயுள் 108 நாள். மீதி 97 விழுக்காட்டின் சராசரி ஆயுள் 556 ஆண்டு.

இந்த ஒரு கணக்கு போதும். கரியை விற்பவர்கள் ஒரே மூச்சில் இரண்டு வாக்குறுதி தருகிறார்கள்: இது நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் அழியாமல் கிடக்கும், இது நுண்ணுயிர்களுக்கு ஊட்டம் தரும். அழியாமல் கிடப்பது என்றால் யாரும் தின்னவில்லை என்றுதான் பொருள். ஊட்டம் தருகிறது என்றால் அது அழிந்தாக வேண்டும். கார்பன் சந்தைக்குப் போகும்போது முதல் வாக்குறுதியும் தோட்டத்துக்கு வரும்போது இரண்டாவதும் சொல்லப்படுகின்றன. 2022 டிசம்பரில் புர்சா மலேசியா கார்பன் சந்தையைத் திறந்ததிலிருந்து முதல் வாக்குறுதிக்கு இங்கேயும் விலை உண்டு. இரண்டாவது பொய்த்தால் நட்டம் தோட்டத்துக்கு மட்டும்தான்.

அப்படியானால் கரி போட்ட தொட்டி மண்ணில் நுண்ணுயிர் பெருகியதாகக் காட்டும் ஆய்வுகள் பொய்யா? இல்லை. பெரும்பாலானவை சில வாரம், சில மாதம் நடந்தவை. அந்த 3 விழுக்காடு தீரும் வரைக்குமான ஆரவாரத்தை அவை அளக்கின்றன. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: மண்ணின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை.

நெகிரி செம்பிலானின் மேட்டு மண்ணைத் தோண்டியவர்களுக்கு இது தெரியும். கருங்கல்லிலிருந்து வந்த ரெங்கம் வகை, களிப்பாறையிலிருந்து வந்த முஞ்சோங் வகை, செம்புறைக்கல் பொறுக்குகள் நிறைந்த மலாக்கா வகை எல்லாம் ஆயிரமாயிரம் ஆண்டு மழையில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கழுவப்பட்டு, இரும்பும் அலுமினியமும் மட்டும் எஞ்சிய மண். புளிப்பு அளவு (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில். அந்த நிலையில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். போட்ட பாஸ்பேட்டை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த மண்ணில் காரத்தன்மை உள்ள எதைப் போட்டாலும் உயிர் பெருகும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹூஸ்ஃபீல்ட் என்று ஒரு வயல் இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் சுண்ணம் ஒழுங்கில்லாமல் இடப்பட்டதால், அதன் ஒரு முனையில் புளிப்பு அளவு 4ஆகவும் மறுமுனையில் 8க்கு மேலாகவும் இருக்கிறது. 2010இல் ரூஸ்க்கும் மற்றவர்களும் அந்த வயலின் பாக்டீரியாக்களைப் படித்தபோது, 4இலிருந்து 8க்குப் போவதற்குள் அவற்றின் வகைப்பெருக்கம் ஏறக்குறைய இரு மடங்கானதைக் கண்டார்கள். அந்த மாற்றத்துக்குக் கரியோ நுண்துளையோ தேவைப்படவில்லை. சுண்ணம் போதுமானதாக இருந்தது.

வெற்றுக்குலைக் கரியில் சாம்பல் மிகுதி, காரம் மிகுதி. நம் மண்ணில் அதைப் போட்டால் முதல் ஆண்டில் நல்ல விளைவு தெரியத்தான் செய்யும். ஜெஃப்ரியும் அவருடைய குழுவும் 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, வெப்ப மண்டலத்தில் கரி விளைச்சலைச் சராசரியாக 25 விழுக்காடு கூட்டியது, மிதவெப்ப நாடுகளில் ஒன்றும் கூட்டவில்லை. கரியை விற்பவர்கள் இதில் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். காரணமாக அந்த ஆய்வாளர்கள் சொன்னதை விட்டுவிடுகிறார்கள்: புளிப்பு மிகுந்த, சத்துக் குறைந்த, உரம் அதிகம் காணாத நிலங்களில் கரி சுண்ணாம்பாகவும் உரமாகவும் வேலை செய்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று சுற்று உரம் போடும் செம்பனைத் தோட்டத்துக்கு அந்த 25 விழுக்காட்டை அப்படியே தூக்கி வந்து சூட்டுவது நேர்மையல்ல. சுண்ணாம்பு வேண்டும் என்றால் ஜி.எம்.எல். என்று தோட்டக்காரர்கள் அழைக்கும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூள் எந்த உரக்கடையிலும் கிடைக்கும். அதற்காக ஓர் உலை கட்ட வேண்டியதில்லை.

உலைக்குள் எது போகிறது என்பதற்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் வேண்டியது இந்தக் கணக்குதான்.

ஒரு டன் பழக்குலையை ஆலை அரைத்தால் ஏறக்குறைய 220 கிலோ வெற்றுக்குலை மிஞ்சும். ஹெக்டருக்கு ஆண்டுக்கு 18 டன் குலை வெட்டும் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். வெற்றுக்குலை சுமார் 4 டன். அதில் 65 விழுக்காடு தண்ணீர். காய்ந்த பொருளைச் சுட்டால் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கரி. ஒரு ஹெக்டருக்கு 10 டன் கரி போட வேண்டும் என்றால், ஆய்வுகளில் இதெல்லாம் பெரிய அளவே அல்ல, ஏறக்குறைய 100 டன் பச்சை வெற்றுக்குலை வேண்டும். 25 ஹெக்டர் நிலத்தின் ஓராண்டு வெற்றுக்குலையைத் துடைத்தெடுத்து ஒரே ஒரு ஹெக்டருக்குக் கொடுக்கிறோம். அதற்கு முன் 65 டன் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும்.

அந்த 100 டன்னை அப்படியே மரத்தடியில் பரப்பினால் என்ன கிடைக்கும்? தோட்டத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்குப்படி ஒரு டன் வெற்றுக்குலை 7 கிலோ யூரியா, 2.8 கிலோ பாறை பாஸ்பேட், 19.3 கிலோ பொட்டாஷ் உரம், 4.4 கிலோ கீசரைட் என்ற மக்னீசிய உரத்துக்குச் சமம். 100 டன்னில் 700 கிலோ யூரியாவும் 1,930 கிலோ பொட்டாஷும் இருக்கின்றன. கரியாக்கினால் பொட்டாஷ் சாம்பலோடு தங்கும். நைட்ரஜன் தங்காது. உலைச் சூடு 400, 500 டிகிரிக்குப் போகும்போது நைட்ரஜனில் பெரும்பங்கு வாயுவாகிப் போய்விடும். எஞ்சுவதும் கரியின் வளையங்களுக்குள் சிக்கி, வேருக்கும் நுண்ணுயிருக்கும் எட்டாமல் கிடக்கும். உரச் செலவைக் குறைப்பதாகச் சொல்லப்படும் முறை, முதல் வேலையாக யூரியாவை எரிக்கிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. முன்பு செம்பனை ஆலைகளின் பக்கத்தில் வெற்றுக்குலையை எரிக்கும் சூளைகள் இருந்தன. குலைச் சாம்பல் மூட்டை மூட்டையாகத் தோட்டத்துக்கு வந்தது. 30 முதல் 40 விழுக்காடு பொட்டாஷ், கடுமையான காரம், புளித்த மண்ணுக்கு ஏற்றது. நல்ல உரம்தான். பிறகு ஏன் கைவிட்டார்கள்? புகை ஒரு காரணம். நைட்ரஜனும் கரிமமும் புகைபோக்கி வழியாகப் போய்விட்டன என்பது இன்னொன்று. வெற்றுக்குலையை அப்படியே மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது நல்லது என்று தோட்டங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. பயோசார் புகையைக் குறைக்கிறது, கரிமத்தில் பாதியைக் காப்பாற்றுகிறது. ஆனால் மண்ணின் உணவைப் பொறுத்தவரை அந்தச் சூளைக்கே நம்மைத் திரும்ப அழைத்துப் போகிறது.

அமேசானைக் காட்டாத பயோசார் பேச்சே இல்லை. பிரேசிலில் பழங்குடி மக்கள் குடியிருந்த இடங்களில் டெர்ரா பிரேத்தா என்ற கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது, அதில் கரி இருக்கிறது, ஆகவே கரி வளம் தரும் என்பது வாதம். அந்த மண்ணில் கரியோடு மீன்முள், எலும்பு, சமையல் கழிவு, மனிதக் கழிவு, உடைந்த மண்பாண்டம் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தன. அதன் பாஸ்பரசும் சுண்ணமும் எலும்பிலிருந்தும் கழிவிலிருந்தும் வந்தவை, கரியிலிருந்து அல்ல.

அதே அமேசானில் மனாவுஸ் நகருக்கு அருகே, நம் மண்ணைப் போலவே சத்துக் கழுவப்பட்ட மண்ணில், ஸ்டைனரும் குழுவும் ஒரு சோதனை நடத்தினார்கள், 2007இல் வெளிவந்தது. கரி, கோழி எரு, மக்குரம், காட்டுச் சருகு என ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கரிமம் போகும்படி அளந்து போட்டு, நெல்லும் சோளமுமாக நான்கு போகம் பயிரிட்டார்கள். கரிமத்தின் அளவு சமம் என்பதால் இதைவிட நியாயமான போட்டி வைக்க முடியாது. வென்றது கோழி எரு: நான்கு போகத்தில் ஹெக்டருக்கு 12.4 டன். மக்குரத்தை ஒரே ஒரு முறை போட்ட பாத்தி, ரசாயன உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போட்ட பாத்தியைவிட நான்கு மடங்கு தானியம் தந்தது. கரி? ரசாயன உரத்தோடு சேர்த்தபோது, அந்த உரம் மட்டும் போட்டதைவிட இரு மடங்கு. இது சிறிய செய்தியல்ல, நான் மறைக்கவும் இல்லை. ஆனால் கரி உரத்தோடு சேர்ந்தபோதுதான் உதவியது. உரத்துக்குப் பதிலாக நிற்கவில்லை. பசியை ஆற்றியது எருவும் மக்குரமும்தான்.

சத்துச் சுழற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க நமக்கு அமேசான் வரை போக வேண்டியதும் இல்லை. ஜெலெபுவில், சிம்பாங் பெர்த்தாங் பக்கம் பாசோ காடு இருக்கிறது. 1970களில் அனைத்துலக உயிரியல் திட்டத்தின் கீழ் மலேசிய, ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அங்கே சருகு எப்படி மண்ணாகிறது என்று அளந்தார்கள். கறையான்கள் மட்டுமே சருகில் எவ்வளவு பெரிய பங்கை இழுத்துப் போகின்றன என்பது தெரியவந்தது. அந்தக் காட்டு மண்ணும் ஏழை மண்தான், புளித்த மண்தான். அத்தனை பெரிய மரங்கள் அதில் நிற்பதற்குக் காரணம், விழுந்தது விழுந்தவுடனே மக்கி, மேல்வேர்களுக்குத் திரும்பிப் போவது. அந்தக் காட்டின் வேலியை ஒட்டியே பெல்டா நிலக் குடியேற்றத் திட்டத்தின் செம்பனை நிற்கிறது. அங்கும் அதே விதிதான்.

தோட்டத்தில் வெட்டிப் போட்ட மட்டைக் குவியலைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேல் மட்டை காய்ந்து சாம்பல் நிறத்தில் முள்ளோடு கிடக்கும். அதற்கு அடுத்தது பழுப்பு, விரலால் அழுத்தினால் நார் நாராய்ப் பிரியும், இடையில் வெள்ளைப் பூஞ்சை நூல் படர்ந்திருக்கும். அதற்கும் கீழே கறுத்து ஈரமாய், மட்டையா மண்ணா என்று சொல்ல முடியாத ஒன்று, மண்புழு நெளியும். செம்பனையின் மெல்லிய உணவுவேர்கள் கீழே போகாமல், மண்ணை விட்டு மேலேறி அந்த அழுகிய மட்டைக்குள் புகுந்திருக்கும். தனக்கு எங்கே உணவு என்று மரம் காட்டிக் கொடுக்கிறது. பிப்ரவரி வெயிலில் பக்கத்து வெற்று மண் பாளம் பாளமாக இறுகிக் கிடக்கும்போதும் அந்தக் குவியலுக்கடியில் ஈரம் இருக்கும்.

இந்த அறிவு சும்மா வந்ததல்ல. இரப்பர்த் தோட்டங்களின் முதல் தலைமுறையில், ஒரு புல்கூட இல்லாமல் மண்ணைத் துடைத்து வைப்பதே நல்ல நிர்வாகம் என்று துரைமார்கள் நம்பினார்கள். காலைப் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் நம் பாட்டன் பாட்டிகள் மண்வெட்டியோடு நிரையில் நின்று செதுக்கினார்கள். மழை வந்தது, மேல்மண் ஆற்றோடு போனது. பிறகுதான் மண்ணை மூடும் அவரையினக் கொடிகளைப் பரப்பினார்கள். மறுநடவுக்கு மரத்தைச் சாய்த்து எரிக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. 1989இல் கோல்டன் ஹோப் நிறுவனம் எரிக்காத மறுநடவைப் பெரிய அளவில் செய்து காட்டியது, 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது அதற்குக் கிடைத்தது. 1998இல் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டது. வயது முடிந்த செம்பனையைச் சாய்த்தால் ஹெக்டருக்கு நிலத்துக்கு மேல் மட்டும் ஏறக்குறைய 85 டன் காய்ந்த பொருள். அதைச் சீவிப் பரப்பி மக்க விடுவதுதான் இன்றைய முறை. மண்ணை மூடவும் மக்க விடவும் கற்றுக்கொள்ள நமக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

எதிர்த்தரப்பின் நியாயமான வாதங்களும் உண்டு. வெற்றுக்குலை ஈரப் பாரம், லாரி வாடகை கட்டாது என்கிறார்கள். ஆலைக்குத் தொலைவில் உள்ள சிறு தோட்டத்துக்கு அது உண்மை. தடிமனாகக் குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அதுவும் உண்மை. இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஒரே அடுக்காகப் பரப்பினால் வண்டுக்கு இடமில்லை. ஆலையிலேயே வெற்றுக்குலையைத் துண்டாக்கி, ஆலைக் கழிவுநீரை ஊற்றி மக்குரமாக்கினால் பாரமும் குறையும், கழிவுநீரின் சத்தும் சேரும். மலேசியாவில் பல ஆலைகள் இதைச் செய்கின்றன. பச்சை வெற்றுக்குலை முதலில் மண்ணின் நைட்ரஜனைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் கூடவே யூரியா போடச் சொல்கிறார்கள்.

கரிக்கு உரிய இடம் எது? புத்ரா பல்கலைக்கழகத்தின் பிந்துலு வளாகத்திலிருந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், கோழி எருக் கரியையும் அன்னாசி இலை மக்குரத்தையும் புளித்த மண்ணில் போட்டபோது பாஸ்பரஸ் கூடுதலாகக் கிடைத்தது. எருவோடும் மக்குரத்தோடும் சேரும் கரியை நான் எதிர்க்கவில்லை. நாற்றுமேடையில், பையில் நிரப்பும் மண்ணில், செக்காம் பாக்கார் என்று நர்சரிகளில் விற்கும் உமிக்கரியைப் பல காலமாகக் கலக்கிறோம். மண் இளகுகிறது, வேர் ஓடுகிறது. மெல்ல மக்கும் செம்பனைக் கொட்டையின் ஓட்டைக் கரியாக்கிக் கழிவுநீரில் ஊறவைத்துப் போடுவதாக இருந்தால் அதையும் கேட்கத் தயார். ஆனால் அந்த ஓட்டை எரிபொருளாக வெளிநாட்டுக்கு விற்றால் காசு. அதனால்தான் உலைக்காரர்களின் கண் விலையில்லாத வெற்றுக்குலை மேல் விழுகிறது. விலையில்லாதது என்பதால் அது கழிவாகிவிடாது.

இன்னொன்று. கரித்தூளை நிலத்தில் இறைப்பது யார்? முன்பு மருந்தடித்த நம் பெண்கள், இன்று வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். பாராகுவாட் களைக்கொல்லியால் அந்தப் பெண்கள் பட்ட துன்பத்தைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஊருக்குச் சொன்னது. தடை நடைமுறைக்கு வந்தது 2020இல். மூக்கிலும் கண்ணிலும் ஏறும் நுண்தூளைப் பல டன் கணக்கில் கையால் வீசச் சொல்வதற்கு முன், ஈரமாக்கி மணிகளாக உருட்டித் தருவீர்களா, முகக்கவசம் யார் தருவது என்று கேட்பது தொழிற்சங்கத்தின் கடமை.

பயோசார் விற்க வருபவரிடம் தோட்ட நிர்வாகமும் ஜெம்போல், பாலோங், செர்த்திங் பக்கத்துப் பெல்டா குடியேறிகளும் கேட்க வேண்டியது நான்கு பாத்திகள். ஒன்றில் கரி. அடுத்ததில் அந்தக் கரியின் காரத்துக்குச் சமமான சுண்ணாம்பும் அதன் பொட்டாஷுக்குச் சமமான உரமும். மூன்றாவதில், அந்தக் கரியைச் செய்யப் பிடித்த அத்தனை டன் வெற்றுக்குலையும் எரிக்காமல் அப்படியே. நான்காவதில் ஒன்றுமில்லை. கரிப் பாத்தியை வெறும் பாத்தியோடு மட்டும் ஒப்பிட்டுக் காட்டும் எந்தப் படத்தையும் ஏற்க வேண்டாம். முடிவை ஆறு மாதத்தில் கேட்கவும் வேண்டாம். செம்பனையில் ஒரு பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இன்று மண்ணில் செய்த மாற்றம் குலை எண்ணிக்கையில் தெரிய மூன்றாவது ஆண்டு ஆகும். மூன்றாவது பாத்தியைக் கரிப் பாத்தி வெல்கிறது என்று நெகிரி செம்பிலான் மண்ணில் யாராவது காட்டும் வரை, பழக்குலையை ஆலையில் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி வெறுமையாக வரக் கூடாது. வெற்றுக்குலையோடு வர வேண்டும்.